எண்ணெயும் நீரும் விளக்கும்: கிழக்கிலங்கையில் மோட்டார் வண்டிப் பராமரிப்பின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

சம்மாந்துறை என்னும் பெயர், சம்பான்கள் வந்து தங்கிய துறை என்பதன் திரிபென்பர் எமதூர்ப் பெரியோர். இன்று அங்கே சம்பானும் இல்லை, துறையும் இல்லை. காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி அம்பாறைக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஊரை ஊடறுத்துச் செல்கின்றது. அதன் இருமருங்கிலும் வயல்களே பரந்து கிடக்கின்றன. அவ்வயல்களின் விளைவை ஒரு காலத்தில் ஓடம் சுமந்தது, பின்னர் மாட்டு வண்டி சுமந்தது, அதன் பின்னர் லொறியும் உழவு இயந்திரமும் சுமந்தன. போக்குவரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இவை எப்போது வந்தன, யாரால் கொண்டுவரப்பட்டன என்னும் இரு வினாக்களுடன் அமைதியடைந்து விடுகின்றனர். வந்த பொருள் எவ்வாறு இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் வரலாற்று வினாவே என்பது என் கருத்து. இக்கட்டுரை அவ்வினாவையொட்டியே எழுதப்படுகின்றது.

இவ்வினா என்னுள் எழுவதற்குக் காரணமாயிருந்தவை இரண்டு. ஒன்று, எங்கள் வளவிலே மாமரத்தின் கீழ் நிற்கும் மொறிஸ் மைனர் வண்டி. 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட அவ்வண்டி இன்றும் ஓடுகின்றது. மற்றையது, என் மூத்தாப்பா பேணி வந்த ஒரு கொப்பி. மூத்தாப்பா இளமையில் ஊர்ப் போடியார் ஒருவரிடம் சாரதியாக இருந்தவர். போடியாரின் வண்டியைப் பின்னர் அவரே வாங்கிக் கொண்டார். வாங்கிய நாள்முதல் எண்ணெய் மாற்றிய திகதி, ஓடிய மைல், கிரீஸ் இட்ட இடங்கள், பெற்றரிக்குத் தண்ணீர் விட்ட நாள் ஆகிய யாவற்றையும் அக்கொப்பியிலே பதிந்து வந்துள்ளார். பல்கலைக்கழகத்தில் ஆவணக் காப்பகங்களைப் பற்றி விரிவுரை கேட்ட பின்னரே அக்கொப்பியும் ஓர் ஆவணம் என்பது எனக்குப் புலப்பட்டது.

இலங்கையில் மோட்டார் வண்டி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டது. வண்டி வைத்திருந்தோரின் சங்கம் 1904ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது என்பதிலிருந்து இதனை அறியலாம். அக்கால வண்டி சாவியைத் திருப்பியதும் ஓடும் வண்டியன்று. முன்னால் நின்று கைப்பிடியால் சுழற்றி இயந்திரத்தைக் கிளப்ப வேண்டும். எண்ணெயைச் சாரதியே அடிக்கடி ஊற்ற வேண்டும். இருள் கவியுமுன் இறங்கி விளக்கேற்ற வேண்டும். சாரதியைக் குறிக்க ஆங்கிலேயர் பிரெஞ்சு மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சோஃபர் என்னும் சொல்லின் முதற்பொருள் நெருப்பு மூட்டுபவன் என்பதாகும். நீராவி இயந்திரத்தின் அடுப்பருகே நின்றவனின் பெயரே மோட்டார் வண்டி ஓட்டியவனுக்கும் வந்தது. ஓட்டுவதும் பேணுவதும் ஒரே ஆளின் ஒரே தொழிலாக இருந்தமைக்கு இச்சொல்லே சான்றாகின்றது.

எமது பகுதியிலே மோட்டார் வண்டியை முதலிற் கண்டோர் போடிமாரும் அரசாங்க உத்தியோகத்தரும் ஆவர். சாதாரண விவசாயி இயந்திரத்துடன் பழகியது கல்லோயாத் திட்டத்தின் பின்னரே எனலாம். கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைக்கப்பட்டது. அணையைக் கட்டியது மொறிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி. அதற்கெனக் கொண்டுவரப்பட்ட மண்வாரி இயந்திரங்களையும் பார லொறிகளையும் ஓட்டுவதற்கும், அவற்றிற்கு எண்ணெயும் கிரீசும் இடுவதற்கும் ஆட்கள் வேண்டியிருந்தனர். களவெட்டியிலே மாடு வளைத்துச் சூடடித்த கைகள் இவ்வாறே ஸ்பனர் பிடிக்கப் பழகின. பின்னர் வயலுக்கு உழவு இயந்திரம் வந்தது. வயற்சேற்றிலே நாள் முழுதும் நிற்கும் இயந்திரத்திற்கு எண்ணெய் பார்ப்பது என்பது நாகரிகமன்று, பிழைப்பு.

இனி வண்டியின் உள்ளே செல்வோம். மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமாகி 1972 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. பதினாறு இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். கொழும்பிலே மஞ்சட் கூரையும் கருமை உடலுமாக ஓடிய வாடகை வண்டிகளுட் பெரும்பாலானவை இவ்வகையே. எங்கள் வண்டி 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் உடையது. முதலுதவிப் பெட்டி அளவேயான இயந்திர அறை. அதன் மூடியைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பும் கைக்கெட்டும். இன்றைய வண்டியின் மூடியைத் திறந்தால் கரும் பிளாத்திக்கு மூடியொன்றே தெரிகின்றது. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், யார் பேணலாம் என்பதைத் தீர்மானிப்பது இதுவே.

"தண்ணி, எண்ணெய், பிறேக், பெத்தரி, லைட்டு. இந்த அஞ்சையும் பாக்காம சாவியில கை வைக்கப்படாது மகன்" என்பது மூத்தாப்பாவின் வாய்ப்பாடு. இதனை ஒரு சாரதியின் பழக்கமென்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு உண்டென்பதைப் பின்னரே அறிந்தேன்.

முதலாவது தண்ணீர். குளிர்நாட்டிலே றேடியேற்றர் நீர் உறைந்து இயந்திரம் வெடித்துவிடும் என்னும் அச்சத்தால் அதனுடன் கிளைக்கோல் கலப்பர். வெப்பநாட்டிலே உறைதலுக்கு இடமில்லையாதலால் எம்மவர் வெறும் நீரையே விட்டனர். ஆயின் அக்கலவை உறைதலைத் தடுப்பதோடு துருவையும் தடுக்கின்றது, கொதிநிலையையும் உயர்த்துகின்றது. உறைபனிக்கு மருந்தென்று கருதித் தள்ளப்பட்டமையால் எத்தனையோ வண்டிகளின் நீர்வழிகள் துருவேறி அடைபட்டன. கடற்கரையூர்க் கிணறுகளின் உவர்நீர் அதனை விரைவுபடுத்தியது. மூத்தாப்பா மாரி காலத்தில் ஓட்டிலிருந்து விழும் மழைநீரைச் சாடியிலே பிடித்து வைத்து, றேடியேற்றருக்கும் அதனையே விடுவார், பெற்றரிக்கும் அதனையே விடுவார். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத ஊரிலே அதற்கு மிக அண்மியது அதுவே.

எண்ணெயின் கதை அரசின் கதையோடு பின்னியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு மோட்டார் வண்டி இறக்குமதி இறுக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. 1964 தொடக்கத்தில் எரிபொருள் வாணிபம் முழுவதும் அதன் கைக்கு மாறியது. 1968இல் அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தபோது, அத்தியாவசியமற்றதெனக் கருதப்பட்ட பொருள்களின் விலை மேலும் ஏறியது. 1973இன் இறுதியில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விலையை உயர்த்தின. சில மாதங்களுள் மசகு எண்ணெயின் உலக விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. (மசகு எண்ணெய் என்பது இங்கே சுத்திகரியாத நில எண்ணெயைக் குறிக்கும். எஞ்சினுக்கு விடும் எண்ணெயுடன் மயங்கற்க.) 1977 இறுதியில் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, நாட்டில் ஏற்கெனவே இருந்த வண்டிகளே நாட்டின் வண்டிகளாயிருந்தன. அவற்றைச் சாகவிடாது காப்பது தவிர வேறு வழி இருக்கவில்லை.

அவ்விறுக்கம் கொப்பியிலே எவ்வாறு தெரிகின்றது என்பதைப் பார்க்கலாம். தொடக்கப் பக்கங்களில் மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியதாகக் குறிப்புண்டு. அது கம்பனி நூல் விதித்த அளவே. 1974ஆம் ஆண்டின் பக்கங்களில் அவ்வொழுங்கு குலைகின்றது. மாற்றினேன் என்னும் சொல் மறைந்து, "வடித்து விட்டது" என்னும் குறிப்புத் தோன்றுகின்றது. கழித்த எண்ணெயைச் சில நாள் தெளியவிட்டு, சீலையிலே வடித்து, மீண்டும் அதனையே ஊற்றியிருக்கின்றார். சீலை மணலையும் உலோகத் துகளையும் தடுக்குமேயன்றி எண்ணெயில் ஊறிய அமிலத்தைத் தடுக்காது. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. "காறுவாசிதான் பொலிவு தரும்" என்று ஓரத்தில் எழுதியிருக்கின்றார். எண்ணெய் முற்றாகக் கெடாத பங்கே இயந்திரத்தைக் காக்கும் என்பது அதன் கருத்தென விளக்கினார். பொருளாதார வரலாற்றுப் பாடத்திலே இறக்குமதி மட்டுப்பாடு என்று ஒரு வரியில் நாம் படித்துக் கடக்கும் ஒன்று, ஒரு மனிதனின் கையிலே கறுத்த சீலையாக இருந்திருக்கின்றது.

அக்காலத்திலே உள்நாட்டுற்பத்தியும் சில துறைகளில் வேரூன்றியது. சோவியத் உதவியுடன் களனியிலே அமைந்த டயர்த் தொழிற்சாலை அதற்கொரு சான்று. உதிரிப் பாகங்களைப் பொறுத்தவரை, ஊர்தோறும் இருந்த கராஜ்களும் கடைசற் பட்டறைகளுமே தொழிற்சாலைகள். தேய்ந்த பாகத்தைக் கொடுத்தால் அதனை அளந்து புதியதொன்றைக் கடைந்து தரும் திறன் அப்பட்டறைகளிலே வளர்ந்தது. இத்திறன் பின்னொரு காலத்தில் கடல் கடந்தும் மதிக்கப்பட்டது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்திலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்திற்கு வேண்டிய பாகங்கள் தென்னிலங்கையில் செய்து அனுப்பப்பட்டன. வண்டியைப் படைத்த நாட்டிற்கு அதன் உறுப்புகள் இங்கிருந்து சென்றமை வியப்பிற்குரியதே.

பிறேக் எண்ணெய் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. ஏனெனில் ஐந்தனுள்ளும் மிகக் குறைந்தளவு கவனிக்கப்படுவதும், தவறினால் உயிரைக் கொள்வதும் அதுவே. மிதியை அழுத்தும் காலின் வலுவைக் குழாய்வழித் திரவமொன்று நான்கு சில்லுக்கும் ஒரே அளவாகக் கொண்டு செல்கின்றது. இம்முறையை முதன்முதல் வெற்றிகரமாக ஆக்கியவருள் முதன்மையானவர் மல்கம் லொக்ஹீட் என்னும் அமெரிக்கர். 1921இல் டூசன்பேர்க் வண்டியிலே இது இடம்பெற்றது. தொடக்க காலத் திரவம் யாதெனில் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்த கலவை. ஆமணக்கெண்ணெயைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. நில எண்ணெய் இயற்கை இறப்பரை ஊதச் செய்து அழித்துவிடும். ஆமணக்கெண்ணெய் அவ்வாறு செய்வதில்லை. ஓட்டப் பந்தய வண்டிகளின் இயந்திரத்திற்கும் அவ்வெண்ணெய் பயன்பட்டது. காஸ்ட்ரோல் என்னும் பெயர் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்தே பிறந்தது.

தமிழகத்தில் இவ்வெண்ணெய்க்கு விளக்கெண்ணெய் என்று பெயர். அகலுக்கும் அதுவே, வயிற்றுக்கும் அதுவே, மாட்டு வண்டியின் அச்சிற்கு இடும் மைக்கும் அதுவே. விளக்கிலும் அச்சிலும் இருந்த எண்ணெய் மோட்டார் வண்டியின் இயந்திரத்திலும் பிறேக்கிலும் புகுந்ததை நோக்குமிடத்து, புதியதென நாம் கருதும் பொருளின் உள்ளே பழையது எத்துணைக் காலம் தங்கியிருந்தது என்பது விளங்கும். பின்னர் கிளைக்கோலிற் செய்த திரவம் ஆமணக்கின் இடத்தைப் பிடித்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய ஈரம் இரும்பைத் துருவாக்கும். நெடுநேரம் பிறேக் மிதித்துச் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்குமாதலால் மிதி அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. ஆகவே குறைந்தால் ஊற்றினாற் போதாது. ஆண்டிற்கொரு முறையேனும், இரண்டாண்டிற்கொரு முறையேனும் முழுவதையும் கழித்துப் புதிது விட வேண்டும்.

மொறிஸ் மைனரிலே இத்திரவத்தின் கலம் இயந்திர அறையில் இல்லை. சாரதியின் காலடியிலே விரிப்பை விலக்கி, தட்டில் உள்ள மூடியைக் கழற்றியே அதனைப் பார்க்க இயலும். இசிகோனிசின் அறிவு பற்றி எனக்கு ஐயமில்லை. எனினும் கண்ணிற் படாத இடத்திலே உயிர்நாடியை வைத்தது சரிதானா என்று நான் கேட்பதுண்டு. பார்க்கக் கடினமானதைப் பலர் பார்ப்பதில்லை. தட்டுப்பாட்டுக் காலத்தில் இன்னொரு தவறும் நிகழ்ந்தது. பிறேக் எண்ணெய் கிடையாதபோது எஞ்சின் எண்ணெயைச் சிறிது விட்டுச் சமாளித்தோர் உளர். மறுநாள் பிறேக் பிடிக்கும். சில வாரங்களில் இறப்பர் ஊதிப் பிறேக் விடாது இறுகும், அல்லது ஒழுகிப் பிடிக்காது போகும். கொப்பியின் முதற் பக்கத்திலே மூத்தாப்பா சிவப்பு மையில் எழுதிய ஒரே வரி இது பற்றியதே: "பிறேக்குக்கு வேறு எண்ணெய் ஹறாம்." மார்க்கத் தீர்ப்பை மோட்டார் வண்டிக்கு நீட்டியமைக்காகப் பள்ளிவாசல் இமாம் அவரைப் பகிடி பண்ணுவாராம்.

தட்டுப்பாடு எவ்வளவு தூரம் செல்லும், அதற்கு ஈடாக மனித அறிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எமது பகுதியை விட்டு வடக்கே செல்ல வேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் பெற்றோலும் பெற்றரியும் செல்வது தடுக்கப்பட்டது. 1995 வரை நீடித்த அக்காலத்திலே யாழ்ப்பாணத்தார் ஒஸ்ரின் ஏ நாற்பது, மொறிஸ் மைனர் முதலிய பழைய வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சிறு போத்தலிலே பெற்றோல் கொஞ்சம் வைத்திருந்து, காபரேற்றரினுள் அதனைப் பீச்சி இயந்திரத்தைக் கிளப்புவர். சூடேறியதும் மண்ணெண்ணெய் எரியத் தொடங்கும். ஊர் முழுதும் அதன் புகை மணக்கும். இது முற்றிலும் புதிய கண்டுபிடிப்பன்று. 1949இல் வெளிவந்த பேர்கூசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெய் போன்ற மலிந்த எரிபொருளில் ஓடுமாறே செய்யப்பட்டிருந்தது. அதற்கென இரு பிரிவுடைய தாங்கியும் இருந்தது. கம்பனி உழவு இயந்திரத்திற்குச் செய்ததை யாழ்ப்பாணத்துப் பொறிவினைஞர் காருக்குச் செய்தனர்.

புதிய யப்பான் வண்டிகள் இதற்கு இணங்கவில்லை. அவற்றின் அமுக்க விகிதம் உயர்ந்தது. மண்ணெண்ணெயில் இயந்திரம் தட்டும். அமுக்கம் குறைந்த கிழட்டு வண்டிகளே பொறுத்துக் கொண்டன. கராஜின் மூலையிலே கோழி அடைந்த ஏ நாற்பதுகள் மீண்டும் தெருவிற்கு வந்தமைக்கு இதுவே காரணம். ஆயின் அதற்கும் விலை இருந்தது. முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே வழிந்து எஞ்சின் எண்ணெயுடன் கலந்து அதனை நீர்த்துப் போகச் செய்யும். எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்தால் அளவு குறையாது, கூடியிருக்கும். கூடியிருப்பது நலமென்று எண்ணியவன் இயந்திரத்தை இழப்பான். விரலிடையே தேய்த்துத் தடிப்பைப் பார்த்தவன் தப்புவான். அளவை மட்டுமன்றித் தன்மையையும் பார்க்க வேண்டும் என்னும் பாடம் இங்கே அடங்கியுள்ளது.

2004 டிசம்பர் 26ஆந் திகதிய ஆழிப்பேரலை இதனையே வேறொரு வகையிற் காட்டியது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளிலே மூழ்கிய வண்டிகளின் எண்ணெய்க் கோல்களில் பால்தேநீரின் நிறமே இருந்தது. எண்ணெயும் கடல்நீரும் கலந்த குழம்பு அது. அதனைக் கழிக்காது கிளப்பிப் பார்த்தவை அன்றே முடிந்தன.

அண்மைக் காலத்திலே பழைய நிலை திரும்பவும் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அது மீளத் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இடையில் 2022இன் எரிபொருள் வரிசைகளை நாமெல்லோரும் கண்டோம். அவ்வாண்டு யூலையில் அறிமுகமான அனுமதி முறையின்படி தொடக்கத்தில் காருக்கு வாரமொன்றிற்கு 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் கிடைத்தன. எரிபொருள் இல்லையேல் வண்டி ஓய்ந்திருக்கும். ஓய்ந்திருந்தால் கெடாது என்று எண்ணினோர் பலர். ஓடாத வண்டியின் பெற்றரி தானே இறங்கும், பிறேக் உருளை துருப்பிடித்து இறுகும், டயர் ஒருபக்கம் தட்டையாகும். அக்காலத்தில் எங்கள் வளவிற்கு வந்து மூத்தாப்பாவிடம் யோசனை கேட்ட இளைஞர் பலர். எண்ணெய்க் கோல் எங்கே இருக்கின்றதென்று அறியாது பத்தாண்டு வண்டி ஓட்டியவரும் அவருள் இருந்தார். அவரை நான் குறை கூறேன். 1977இன் பின் வந்த தலைமுறைக்கு அதனை அறிய வேண்டிய தேவை நேரவில்லை.

ஈற்றில் விளக்கு. வாய்ப்பாட்டிலும் அதுவே ஈற்றில் உள்ளது.

தொடக்க கால வண்டிகளில் மண்ணெண்ணெய் விளக்குகளும், காபைட்டு விளக்குகளும் இருந்தன. காபைட்டுக் கட்டியின் மீது நீர் சொட்டச் சொட்ட அசற்றலின் வாயு எழும், அதனைக் கொளுத்துவர். 1912இல் கடிலாக் வண்டியிலே மின்கிளப்பியும் மின்விளக்கும் ஒருங்கே வந்தன. சாரதி இறங்கி விளக்கேற்றும் காலம் அத்துடன் ஒழியலாயிற்று. மொறிஸ் மைனரின் முன்விளக்குகளுக்கும் ஒரு கதை உண்டு. முதலில் அவை தாழ, முன்தட்டியினுள் அமைந்திருந்தன. அமெரிக்கச் சட்டம் விளக்கு அந்த உயரத்தில் இருப்பதை ஏற்கவில்லை. அந்நாட்டிற்கு ஏற்றுமதி செய்யும் பொருட்டு விளக்குகள் மட்காட்டின் மேலே உயர்த்தப்பட்டன. பின்னர் எல்லா நாட்டு வண்டிகளும் அவ்வாறே வந்தன. அம்பாறை வீதியிலே எங்கள் வண்டியின் ஒளி விழும் தூரத்தை எங்கோ ஒரு சட்டமன்றம் தீர்மானித்திருக்கின்றது.

திரும்புவதைக் காட்ட அவ்வண்டியிலே கதவுத் தூணிலிருந்து எழும் கைபோன்ற சிறு தடி உண்டு. 1961 வரை மைனரில் அதுவே வழக்கு. எங்கள் வண்டியில் இடப்புறக் கை இன்றும் எழும். வலப்புறம் பிற்காலத்திற் பொருத்திய மினுக்கி விளக்கு. மின்சாரம் தருவது டைனமோ. இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது டைனமோ போதிய மின் தராது. எனவே சந்தியிலே வேகம் குறைக்கையில் முன்விளக்குகள் மங்கும். மிகத் தெளிவாகப் பார்க்க வேண்டிய இடத்திலே மிக மங்கலான ஒளி. இக்குறையை நீக்கிய ஓல்ற்றனேற்றர் 1960களிலேயே பரவியது. இன்னொன்றும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. டைனமோவையும் நீர்ப் பம்பையும் சுழற்றுவது ஒரே விசிறிப் பட்டி. அது அறுந்தால் முகப்பிலே சிவப்பு விளக்கு எரியும். மின்சாரத்தைப் பற்றிய எச்சரிக்கை என்று எண்ணி வீடுவரை ஓட்டிச் செல்வோர், தண்ணீர் கொதித்து இயந்திரத் தலை வளைந்த பின்னரே அதன் முழுப்பொருளையும் அறிவர்.

போர்க்காலத்திலே விளக்கின் பொருள் மாறியது. சோதனைச் சாவடியை அணுகும்போது முன்விளக்கைத் தாழ்த்தி உள்விளக்கை ஏற்ற வேண்டும். எதிரே இருப்பதைப் பார்ப்பதற்கன்றி, தான் பார்க்கப்படுவதற்கு விளக்கு. உள்விளக்கின் குமிழ் எரியாமையால் உயிர் போகலாம் என்னும் நிலையில், ஒரு சிறு குமிழை மேலதிகமாகச் சட்டைப் பையிலே வைத்திருந்த சாரதிகள் இருந்தனர். மூத்தாப்பாவும் அவர்களுள் ஒருவர்.

பார்க்கப்படுதல் என்பது போருடன் முடிந்த தேவையன்று. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன்கீழ் வந்த ஒழுங்குவிதிகளும் இரவிலே பின்புறம் செவ்விளக்கு எரிய வேண்டுமென விதிக்கின்றன. உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டிக்கும் அது பொருந்தும். எனினும் அறுவடைக் காலத்திலே நெல் மூட்டை அடுக்கிய பெட்டிகள் விளக்கின்றி அவ்வீதியிலே ஊர்வதை எவரும் காணலாம். பெட்டியின் விளக்கு வயற்சேற்றிலும் வரம்பின் அடியிலும் முதலில் உடைவது. உடைந்ததை மாற்றுவதால் ஒரு மூட்டைகூட அதிகம் ஏறாது. ஆகவே மாற்றுவதில்லை.

நான் மூன்றாம் வகுப்பிலே படித்த ஆண்டின் பெரும்போக அறுவடைக் காலத்தில், என் சாச்சா அம்பாறையிலிருந்து இரவு மோட்டார் சைக்கிளில் வருகையில் அத்தகைய பெட்டியொன்றின் பின்புறத்தில் மோதி மௌத்தானார். அவருடைய சைக்கிளின் விளக்குகள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. முதல் நாள் மாலை மூத்தாப்பாவே அவற்றைப் பார்த்திருந்தார். பெட்டிக்காரரும் எமக்கு அறிமுகமான ஏழை. அவரைக் குற்றவாளியென எங்கள் வீட்டில் எவரும் பேசியதில்லை.

இக்கட்டுரைக்காகக் கொப்பியைப் புரட்டியபோது அவ்வாண்டின் பக்கங்களை நான் தேடிப் பார்த்தேன். நான்கு மாதத்திற்கு வண்டியைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. எண்ணெய் மாற்றவில்லை, கிரீஸ் இடவில்லை, பெற்றரிக்கு நீர் விட்டதாகவும் இல்லை. அவ்விடத்திலே, வழமையான அதே கையெழுத்தில், வேறொரு பட்டியல் இருக்கின்றது: சிவப்புக் கண்ணாடி, குமிழ், கம்பி, இறப்பர் வளையம். அதன் கீழே ஊரின் உழவு இயந்திரங்களின் இலக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் திகதி இடப்பட்டுள்ளது. அடுத்த அறுவடையின்போது சில இலக்கங்களுக்கு எதிரே இரண்டாவது திகதியும் உண்டு. உடைந்ததை மீண்டும் பூட்டிய நாள் அதுவென மூத்தாப்பா கூறினார்.